பழைய அம்பாசிடருக்குக் கம்பெனி கலர்: வண்டியை ஷெட்டில் விடுமுன் படிக்க வேண்டியவை

பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கியதும் பெரும்பாலோர் நேராகப் பெயிண்டரிடம் போய், "கம்பெனி கலர்லயே அடிச்சுக் குடுங்கண்ணே" என்கிறார்கள். அவரும் சரி என்று ஷேட் கார்டை எடுத்துப் போடுகிறார். பார்க்க ஒத்துப்போகிற ஒரு கட்டத்தில் விரலை வைத்துவிட்டு வருகிறார்கள். மூன்று மாதத்தில் வண்டி பளபளவென்று வந்து நிற்கும். ஆனால் அம்பாசிடரைத் தயாரித்த உத்தர்பாரா ஆலையிலிருந்து அந்தக் கலரில் ஒரு வண்டியும் வந்திருக்காது.

கலரைக் கண்டுபிடிப்பது பெயிண்டரின் வேலை அல்ல, உங்கள் வேலை. அதை வாயால் சொல்லாமல் பெயிண்ட் அடித்த தகடாகக் கையில் கொடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) விவகாரம் ஒன்று இருக்கிறது. இந்த வரிசை தப்பினால் பணமும் மாதங்களும் வீண்.

கீழே உள்ளது தகடு தெரியும்வரை உரித்து முழுதாக அடிக்கும் வேலைக்கான வழி. அம்பாசிடரை வைத்து, சென்னைப் பக்கத்து வெயிலையும் ஈரத்தையும் மனத்தில் கொண்டு எழுதியது. பழைய ஃபியட், ஹெரால்டு கார்களுக்கும் பெரும்பாலும் இதேதான்.

1. முதலில் ஆர்.சி.யைப் பாருங்கள்

வண்டி இன்று நிற்கிற கலர் ஒன்று, ஆர்.சி.யில் எழுதியிருக்கிற கலர் இன்னொன்று, பிறந்தபோது இருந்த கலர் வேறொன்று. பழைய வண்டிகளில் இது சர்வசாதாரணம். நீங்கள் அடிக்கப்போகும் கலர் ஆர்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போனால் கவலையில்லை. இடையில் எவரோ மாற்றியதைத்தான் நீங்கள் திருப்புகிறீர்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அது வாகன மாற்றம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் வரும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்து, ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, அதன் பிறகு அடித்து, முடிந்த 14 நாளுக்குள் தெரிவித்து, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, ஆர்.சி.யில் பதிய வேண்டும். அடித்து முடித்த பிறகு அனுமதி கேட்கப் போவதுதான் அதிகம் பேர் செய்யும் தப்பு.

கையில் வைத்திருக்க வேண்டியவை: அசல் ஆர்.சி., நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, நான்கு பக்கமும் எடுத்த இப்போதைய போட்டோ, சேஸிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரின்ட். கடன் இருந்தால் கொடுத்த நிறுவனத்தின் சம்மதக் கடிதம். அலுவலகத்துக்கு அலுவலகம் இன்னும் ஒன்றிரண்டு கேட்பார்கள். ஷெட்டின் ஜி.எஸ்.டி. பில் அதில் ஒன்றாக இருக்கலாம் என்பதால் பில் போடாத ஷெட்டில் வேலை கொடுக்காதீர்கள்.

வண்டி இன்னும் முந்தைய ஓனர் பெயரில் இருந்தால் பெயர் மாற்றம் முதலில். ஆர்.சி. காலம் முடியப்போகிறது என்றால் இன்னொரு கணக்கும் போடுங்கள். எப்படியும் புதுப்பிக்க வண்டியைக் காட்டத்தான் வேண்டும். பெயிண்ட் வேலையை அதற்கு முன் முடித்தால் துரு, ஓட்டை என்று திருப்பி அனுப்பும் பேச்சே இருக்காது. ஆனால் வண்டி ஷெட்டில் பிரிந்து கிடக்கும்போது ஆர்.சி. காலாவதியானால் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒரு கலர் மட்டும் கிடைக்கவே கிடைக்காது. ராணுவ ஏலத்தில் வந்த வண்டிக்குப் பிறவிக் கலர் ஆலிவ் பச்சையாக இருந்தாலும் அதை நீங்கள் அடிக்க முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி அது பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும். ஜீப் வைத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள்.

2. கம்பெனி கலரைத் தோண்டி எடுப்பது

காகித ஆதாரம் கிடைத்தால் நல்லது. ஸ்மார்ட் கார்டு வருவதற்கு முந்தைய ஆர்.சி. புத்தகம், பழைய இன்சூரன்ஸ் தாள், குடும்ப ஆல்பம் எல்லாவற்றையும் வண்டி வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் கலர் தெரியாவிட்டாலும் இரட்டைக் கலரா, பக்கவாட்டில் குரோம் பட்டை இருந்ததா என்பது தெரிந்துவிடும். ஆர்.சி. புத்தகம் "நீலம்" என்று மட்டும்தான் சொல்லும். எந்த நீலம் என்பதை வண்டிதான் சொல்ல வேண்டும்.

வண்டியில் பார்க்க வேண்டிய இடங்கள்: டேஷ்போர்டின் பின்பக்கத் தகடு, டோர் பேடைக் கழற்றினால் தெரியும் உள்தகடு, பின் சீட்டின் முதுகுக்குப் பின்னால், டிக்கியில் ஸ்டெப்னி மறைத்த மூலை, ஹெட்லைட் கிண்ணத்தைச் சுற்றி, கண்ணாடி ரப்பரின் அடி, கதவு வாசல்படியில் திருகியிருக்கும் அலுமினியப் பட்டையின் அடி. இதில் குறைந்தது மூன்று இடங்களில் ஒரே கலர் வந்தால்தான் நம்பலாம். ஒரே ஓர் இடத்தை நம்பக் கூடாது. கதவும் பானட்டும் பல வண்டிகளில், பழைய வண்டிகளின் பாகம் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து வந்தவையாக இருக்கும். அந்தக் கதவின் கலர் அந்தக் கதவு பிறந்த வண்டியின் கலர். அதனால் மூன்றில் குறைந்தது இரண்டு இடம் கழற்ற முடியாத பாகத்தில், அதாவது பாடியில் இருக்கட்டும்.

வெளிப்பக்கத்திலும் ஒரு பொட்டு தேய்த்துப் பாருங்கள். ரூபாய் நாணயம் அளவுக்கு, நடுவில் தகடு தெரிந்து ஓரத்துக்குப் போகப் போகப் படிப்படியாகச் சரியும்படி, 400 நம்பர் வாட்டர் பேப்பரில் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் கூடக் கூட நைசு) தொடங்கி 800, 1500 என்று தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி வளையம் வளையமாகத் தெரியும். நடுவில் தகட்டின் வெள்ளிப் பளபளப்பு, அதைச் சுற்றி, தகட்டின் மேல் முதலில் அடிக்கும் பூச்சான பிரைமரின் செங்காவியோ சாம்பலோ, அதற்கடுத்து பிறவிக் கலர், அதற்கு வெளியே பட்டியும் (பள்ளம் நிரப்பும் பசை) சர்ஃபேசரும் (கலருக்கு அடியில் சமப்படுத்தும் பூச்சு), பிறகு இடையில் வந்த ஓனர்கள் அடித்தவை. பிறவிக் கலருக்கும் தகட்டுக்கும் நடுவில் பிரைமர் மட்டுமே இருக்கும், பட்டி இருக்காது. பட்டிக்கு மேலே உள்ள எதுவும் பின்னால் வந்தது. இதுதான் அடையாளம்.

இங்கே ஏமாறும் இடங்கள் இரண்டு. சாம்பல் பிரைமரைப் பார்த்து "வண்டி கிரே கலராம்" என்று முடிவுகட்டுவது ஒன்று. பிரைமர் விரலுக்கு மங்கலாக, மாவு மாதிரி இருக்கும். கலர் வளையத்தைப் பாலிஷ் துணியால் தேய்த்தால் பளபளப்பு எழும். பல வருஷம் முன்பே தகடுவரை உரித்து அடித்த வண்டியில் வெளிப்பக்க வளையங்களில் பிறவிக் கலரே இல்லாமல் போயிருக்கலாம் என்பது இன்னொன்று. அதனால்தான் டேஷ்போர்டின் முதுகைப் பார்க்கச் சொல்வது. அங்கே யாரும் உரிப்பதில்லை. கூரையில் மட்டும் மஞ்சள், கீழே கறுப்பு என்று வளையம் வந்தால் வண்டி ஒரு காலத்தில் டாக்ஸி. அந்த மஞ்சள் கறுப்பைச் சொந்த வண்டியில் திரும்ப அடிக்கலாமா என்று யோசிக்காமல் ஆர்.டி.ஓ.விடம் கேட்டுவிடுங்கள், டாக்ஸி போர்டைச் சொந்த போர்டாக மாற்றியதற்கான தாள்களும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அதே பொட்டில் தின்னர் சோதனையும் செய்துவிடலாம். வெள்ளைத் துணியில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரைத் தொட்டு ஒவ்வொரு வளையத்திலும் அரை நிமிஷம் வையுங்கள். கலர் கரைந்து துணியில் ஏறினால் அது என்.சி. லாக்கர். சுருங்கி மடிந்தால் எனாமல். ஒன்றும் ஆகாவிட்டால் நன்றாக இறுகிய 2கே பெயிண்ட் (ஹார்டனர் என்ற இறுகவைக்கும் திரவம் கலந்து அடிப்பது), அல்லது கம்பெனி அடுப்பில் வேகவைத்த எனாமல். கரைவதோ சுருங்குவதோ இருந்தால் அதன் மேலேயே புதுப் பெயிண்ட் அடிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். புதுப் பெயிண்டின் தின்னர் அடியில் உள்ளதைக் கிளப்பிவிடும்.

3. மேட்சிங்: அவசரப்படக் கூடாத இடம்

கண்டுபிடித்த இடமும் மேட்சிங்குக்கு எடுக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. டேஷ்போர்டின் பின்பக்கமும் டோர் பேடின் அடியும் கம்பெனியில் சும்மா ஒரு தூவல் வாங்கிய இடங்கள். பிரைமர் உள்ளே இருந்து எட்டிப் பார்க்கும், கலர் வெளுத்துத் தெரியும். மேட்சிங்குக்கு முழுக் கனம் உள்ள இடம் வேண்டும்: கண்ணாடி ரப்பரின் அடி, வாசல்படிப் பட்டையின் அடி.

அங்கேயும் ஒரு சூழ்ச்சி உண்டு. பழைய எனாமல் இருட்டில் கிடந்தால் மஞ்சளிக்கும். வெள்ளை வண்டியின் ரப்பர் அடியில் பார்த்துவிட்டு "இது கிரீம்" என்று அடித்தவர்கள் ஏராளம். ரப்பரை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் பத்து நாள் வெயில் படும்படி விட்டு, பிறகு மெல்ல பாலிஷ் போட்டுப் பாருங்கள். மஞ்சள் கொஞ்சம் இறங்கும். சிவப்புக்கும் மெரூனுக்கும் தலைகீழ்: வெயில்பட்ட இடம் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்திருக்கும், மறைந்த இடம்தான் உண்மை.

பெயிண்ட் கடையில் உள்ள ஸ்கேனர் தன் கம்ப்யூட்டரில் இருக்கும் பார்முலாக்களில் எது கிட்டே வருகிறதோ அதைத்தான் காட்டும். கிட்டே வருவது ஒத்துப்போவது ஆகாது. அங்கிருந்து கண்ணால் பார்த்துச் சொட்டுச் சொட்டாகத் திருத்துகிற மிக்ஸிங் ஆள் வேண்டும். கடையைத் தேர்ந்தெடுக்கும்போது மெஷினைப் பார்க்காமல் அந்த ஆளைப் பாருங்கள். காலையில் முதல் கஸ்டமராகப் போனால் அவருக்கும் நிதானம் இருக்கும்.

டப்பாவில் பார்த்தோ குச்சியில் தடவிப் பார்த்தோ ஓகே சொல்லக் கூடாது. 6 அங்குலம் நீளம், 4 அங்குலம் அகலத்தில் தகடு மூன்று வெட்டி, வண்டிக்கு எந்தக் கலர் சர்ஃபேசர் வரப்போகிறதோ அதையே அடித்து, அதன் மேல் ஹார்டனர் கலந்த பெயிண்டை ஸ்ப்ரே கன்னால் அடித்து ஒரு ராத்திரி காயவிடுங்கள். ஈரத்தில் இருக்கும் கலரும் காய்ந்த கலரும் வேறு. மறுநாள் காலை வெயிலில், மத்தியான நிழலில், ராத்திரி டியூப் லைட்டில் என்று மூன்று முறை வண்டியோடு வைத்துப் பாருங்கள். வெயிலில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு கலர் டியூப் லைட்டில் பிரிந்து நிற்கும். கலக்கிய பொடிகள் வேறு வேறு என்று அர்த்தம். அம்பாசிடரின் பச்சை கலந்த சாம்பல்களிலும் வெளிர் நீலங்களிலும் இது நிறைய நடக்கும். மூன்று வெளிச்சமும் ஒத்துவராதபோது வெயிலுக்கும் நிழலுக்கும் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓகே ஆன தகடுகளின் பின்னால் பார்முலாவைக் கிராம் கணக்கோடு எழுதி, தேதி போட்டு, ஒன்று உங்களிடம், ஒன்று பெயிண்டரிடம், ஒன்று கடையில். மொத்தப் பெயிண்டையும் ஒரே கலவையாகக் கலக்கச் சொல்லுங்கள். கதவுச் சட்டம், டிக்கி உள், பானட் உள் எல்லாம் சேர்த்து ஒரு அம்பாசிடருக்கு ஹார்டனரும் தின்னரும் சேர்க்காத கலர் சுமார் 4 லிட்டர் போகும். அதற்கு மேல் அரை லிட்டர் கூட்டி வாங்குங்கள்.

மஞ்சளும் பளிச்சென்ற சிவப்பும் என்றால் இன்னொரு லிட்டர் கூட்டுங்கள். அந்தக் காலத்தில் அவற்றில் ஈயம் சேர்ந்த பொடி இருந்தது, இரண்டு கோட்டில் அடியை மூடிவிடும். இன்றைய ஈயமில்லாத பொடிகளுக்கு அந்த மூடும் சக்தி இல்லை. அடியில் கருஞ்சாம்பல் சர்ஃபேசர் போட்டுவிட்டு மேலே நான்கு கோட் அடித்தும் கலர் வரவில்லை என்று திண்டாடுவது இதனால்தான். வெளிர் சர்ஃபேசர் போடச் சொல்லுங்கள்.

4. எந்த வகைப் பெயிண்ட்

2கே பி.யு. (பாலியூரித்தேன்) சாலிட் கலர், அதாவது மெட்டாலிக் அல்லாதது, மேலே கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) இல்லாமல். எங்கள் தீர்ப்பு இதுதான்.

சிந்தடிக் எனாமல் மலிவு, ஆனால் காய நேரமாகும், அதற்குள் தெருத் தூசி எல்லாம் அதில் உட்காரும். சில வருஷ வெயிலில் மங்கிவிடும். என்.சி. லாக்கர் அந்தக் காலத்துத் தோற்றத்தைத் தரும், மறுப்பதற்கில்லை. ஆனால் எட்டுப் பத்துக் கோட் அடித்துத் தேய்க்க வேண்டும், பெட்ரோல் சிந்தினால் போச்சு, அதை அடிக்கக் கை பழகியவர்களும் குறைந்துவிட்டார்கள். பேஸ் கோட்டும் கிளியரும்தான் இன்று எல்லா ஷெட்டிலும் முதலில் சொல்வார்கள். அதை அம்பாசிடரில் அடித்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி ஒரு ஆழம் வந்துவிடும். அந்த வண்டிக்கு அது கிடையாது. பிற்கால மெட்டாலிக் கலர் வண்டிகளுக்கு மட்டும் கிளியர் தேவை.

5. ஷெட், பணம், காலம்

வேலையின் செலவு கலரில் இல்லை, கலருக்கு அடியில் இருக்கிறது. உரிப்பது, டிங்கரிங் (தகடு வேலை), தேய்ப்பது ஆகிய மூன்றும்தான் கூலியை விழுங்கும். துரு எவ்வளவு என்பது உரித்த பிறகே தெரியும் என்பதால் முன்கூட்டியே ஒரே தொகை பேசுகிற ஷெட்காரர் ஒன்று, பட்டியால் மூடப்போகிறார். அல்லது நடுவில் நிறுத்தி அதிகம் கேட்கப்போகிறார். இரண்டு ஒப்பந்தமாகப் பேசுங்கள். முதலாவது, கழற்றி உரித்து எபாக்ஸி பிரைமர் வரை. துருவைக் கண்ணால் பார்த்த பிறகு இரண்டாவது.

தோராயமாகச் சொன்னால், தகடு மாற்றம் அதிகமில்லாத வண்டிக்கு ஒழுங்கான வேலை ஒன்றரை முதல் இரண்டரை லட்சம் வரை கேட்பார்கள். ஊரையும் ஷெட்டையும் பொறுத்து மேலும் கீழும் போகும். நாற்பதாயிரத்துக்கு முடித்துத் தருகிறேன் என்றால் உரிக்க மாட்டார்கள் என்று அர்த்தம். குரோம் பிளேட்டிங், ரப்பர், குஷன் வேலை இதில் சேராது. அதற்குத் தனியாக எடுத்து வையுங்கள்.

எழுதி வாங்க வேண்டியவை: தகடுவரை உரிப்பது, எபாக்ஸி பிரைமர், பெயிண்ட் வகை, எத்தனை கோட், கதவுச் சட்டமும் உள்பக்கங்களும் சேர்த்தியா, ஒவ்வொரு கட்டத்திலும் நீங்கள் பார்த்த பிறகே அடுத்தது. பணத்தையும் அதே கட்டங்களில் கொடுங்கள். பெயிண்ட், ஹார்டனர், தின்னர் மூன்றையும் ஒரே கம்பெனியில், நீங்களே பில் போட்டு வாங்கிக் கொடுத்துவிட்டால் பாதி தகராறு அங்கேயே தீர்ந்தது.

காலம்: இரண்டு முதல் மூன்று மாதம். தை பிறந்த பிறகு வண்டியை விட்டால் சித்திரைக்குள் எடுக்கலாம். சென்னையில் அதுதான் சரியான பருவம். ஐப்பசி, கார்த்திகை மழையில் உரித்த தகடு ராத்திரிக்குள் துரு பூக்கும். ஆடிக் காற்றில், மூடிய பெயிண்ட் பூத் இல்லாத ஷெட்டில் கலர் அடித்தால் மணலோடு சேர்த்து அடிப்பீர்கள்.

6. கழற்றுவது

மாஸ்கிங் டேப்பை நம்பி எதையும் வண்டியிலேயே விடாதீர்கள். பம்பர், கிரில், லைட்டுகள், கைப்பிடிகள், மோல்டிங், கண்ணாடிகள், ரப்பர்கள், குஷன், ஒயரிங்கின் வெளிப்பகுதி எல்லாம் கழற வேண்டும். முன் கண்ணாடியை எடுக்கும்போது ரப்பரைக் காப்பாற்ற முயன்று நெம்பாதீர்கள். ரப்பரை பிளேடால் அறுத்து எடுங்கள். ரப்பர் புதிதாகக் கிடைக்கும், கண்ணாடி உடைந்தால் தேடித் திரிய வேண்டும்.

முன் ஃபெண்டர்கள் போல்ட்டில் நிற்பவை. ஃபெண்டருக்கும் பாடிக்கும் நடுவே ஒரு பைப்பிங் (இடுக்கை மூடும் பட்டை) ஓடும். அதன் மேலேயே பெயிண்ட் அடிப்பதுதான் அவசர வேலையின் முதல் அடையாளம். ஃபெண்டரை இறக்கி, பழைய பைப்பிங்கை எடுத்துவிட்டு, அடித்த பிறகு புதியதைக் கோக்க வேண்டும். இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் வாஷர்கள் எந்த போல்ட்டில் எத்தனை இருந்தன என்று போட்டோ எடுத்து வையுங்கள், இல்லையென்றால் கதவு இடைவெளி திரும்ப வராது.

குரோம் சாமான்களைக் கழற்றிய அன்றே பிளேட்டிங்குக்கு அனுப்புங்கள். பெயிண்ட் முடிந்து வண்டி காத்துக் கிடப்பது பெரும்பாலும் பம்பருக்காகத்தான்.

7. உரிப்பது

கூரை, பானட், கதவு, டிக்கி ஆகிய அகலத் தகடுகளில் சாண்ட் பிளாஸ்டிங் கூடவே கூடாது. தகடு அலை அலையாக நெளிந்துவிடும். பிறகு அதை நேராக்க முடியாது, பட்டிதான் கதி. சஸ்பென்ஷன் பாகங்கள், வீல் போன்ற கனத்தவற்றுக்கு பிளாஸ்டிங் சரி.

தகடுகளுக்குப் பெயிண்ட் ரிமூவர்தான். கனமாகத் தடவி, மேலே பாலித்தீன் தாளைப் போர்த்தி, அரை மணி விட்டால் தோலாக எழும்பி வரும், சுரண்டி எடுக்கலாம். தகடும் தகடும் சேரும் இடுக்குகளில் இருந்து ஒரு அங்குலம் தள்ளியே தடவ வேண்டும். இடுக்குக்குள் இறங்கிய ரிமூவர் அங்கேயே தங்கி, ஆறு மாதம் கழித்துப் புதுப் பெயிண்டைக் கொப்புளமாக்கும். அந்த ஓரங்களைக் கையால் தேய்த்து எடுங்கள். கடைசியில் 80 நம்பர் பேப்பரில் முழுக்க ஒரு தேய்ப்பு. வழவழத் தகட்டில் பிரைமர் பிடிக்காது.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். தூசி பறக்கும்படி காய்ந்த தேய்ப்பு வேண்டாம், குழந்தைகள் விளையாடும் வாசலில் வேண்டவே வேண்டாம்.

உரித்த தகட்டை வெறுங்கையால் தொடாதீர்கள். வியர்வையின் உப்பு பட்ட இடத்தில் மறுநாள் ஐந்து விரலும் துருவில் பதிந்திருக்கும். அன்றைக்கு எவ்வளவு எபாக்ஸி அடிக்க முடியுமோ அவ்வளவுதான் அன்றைக்கு உரிக்க வேண்டும். வண்டி முழுவதையும் உரித்துப்போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை லீவு விடுகிற ஷெட் ஆகாது.

8. டிங்கரிங்

அம்பாசிடர் துருப்பிடிக்கும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: முன்பக்கக் கால்மிதியின் அடியில் உள்ள தரை, கதவுகளின் கீழ் விளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, முன் சக்கரத்துக்கு மேலே சேறு தங்கும் இடம், ஸ்டெப்னித் தரை, கூரை ஓரத்து நீர்வாரி. திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்தத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும். மேலே இன்னொரு தகட்டை வைத்து ஒட்டுவது துருவுக்கு வீடு கட்டிக் கொடுப்பது. வெளித் தகட்டுக்கு 20 கேஜ், தரைக்கு 18 கேஜ் போதும்.

அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். அதனால் கதவுக்குக் கீழே உள்ள பெட்டித் தகட்டை வெட்டும் முன் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வெல்டு செய்து தாங்கல் கொடுக்க வேண்டும். இல்லாமல் வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்து, கதவு அப்புறம் சாத்தாது. வெல்டிங் கோ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு) முறையில், ஓர் அங்குலம் இங்கே ஓர் அங்குலம் அங்கே என்று விட்டுவிட்டு. ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அதற்குத் தனி சேஸிஸ்.

வெல்டிங் முடிந்ததும், பட்டி போடுமுன், ஃபெண்டர், கதவு, பானட் எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டி இடைவெளிகளைச் சரிபாருங்கள். பெயிண்ட் அடித்த பிறகு கதவைத் தட்டி வளைக்க முடியாது.

9. எபாக்ஸி, பட்டி, சர்ஃபேசர்

உரித்த தகட்டில் நேராக எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட். இரண்டு முதல் மூன்று லிட்டர் ஆகும். துரு நீக்கும் ஆசிட் போட்ட இடம் இருந்தால் நன்றாகக் கழுவி, காயவைத்து, தேய்த்த பிறகே எபாக்ஸி. ஆசிட் மிச்சமிருந்தால் எபாக்ஸி இறுகாது. இடுக்குகளில் சீலர் இப்போது.

பட்டி எபாக்ஸிக்கு மேல். 2 மில்லிமீட்டர், போனால் 3. அதற்கு மேல் தேவைப்பட்டால் டிங்கரிங் போதவில்லை, திருப்பி அனுப்புங்கள். ஒரு கிலோ பட்டிக்கு 20 முதல் 30 கிராம் ஹார்டனர். சீக்கிரம் காயட்டும் என்று அதிகம் போட்டால் அந்தச் சிவப்பு ஹார்டனர் ஒரு மாதம் கழித்து வெள்ளை, கிரீம் கலர்களில் பழுப்புத் தேமலாக மேலே எழும். பட்டியை ஒருபோதும் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள். அது ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு பின்னால் கொப்புளமாகக் கக்கும். கதவுக்கும் பானட்டுக்கும் ஒன்றரை அடி நீளத் தேய்ப்புக் கட்டை வேண்டும். கையளவுக் கட்டையில் தேய்த்தால் பளபளப்பு வந்ததும் அலை தெரியும்.

பிறகு 2கே சர்ஃபேசர் மூன்று கோட், மூன்று நான்கு லிட்டர். காய்ந்ததும் மேலே கறுப்பு ஸ்ப்ரேயைப் பனி மாதிரி தூவிவிட்டுத் தேய்த்தால் பள்ளத்தில் மட்டும் கறுப்பு மிஞ்சும். மேடு உடனே வெளுக்கும். கறுப்பு முழுதும் போகும்வரை 400, கடைசியில் 600 அல்லது 800. இந்தக் கட்டத்தில் நீங்கள் நேரில் போய் உள்ளங்கையை மெல்லிய துணியோடு தகட்டின் மேல் ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும்.

10. கலர் அடிக்கும் நாள்

கதவுச் சட்டங்கள், டிக்கி உள், பானட் உள் முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் முழுவதும் ஒரே நாளில், ஒரே ஆள் கையால். காலை ஈரம் வடிந்த பிறகு தொடங்கி, மத்தியானம் கடல் காற்று உள்ளே வருவதற்குள் முடிப்பது நல்லது. தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். கம்ப்ரஸர் டாங்க்கின் தண்ணீரைத் திறந்துவிட்டு, குழாயில் ஈரம் பிடிக்கும் பில்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னைக் காற்றில் அது இல்லாமல் அடித்தால் பெயிண்டில் நீர்க்கொப்புளம் நிச்சயம்.

கன்னின் நாசில் கலருக்கு 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர். ஹார்டனரும் தின்னரும் வெயிலுக்கான மெதுவான வகை. வேக வகை போட்டால் பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக நிற்கும். கலக்கும் விகிதம் டப்பாவில் போட்டிருக்கும், 2-க்கு 1 அல்லது 4-க்கு 1. கண் அளவில் ஊற்ற விடாதீர்கள். அந்தந்தக் கோட்டுக்கு வேண்டியதை மட்டும் கலக்க வேண்டும், 35 டிகிரி வெயிலில் கலந்தது சீக்கிரம் இறுகும். மெல்லிய கோட் ஒன்று, பிறகு முழுக் கோட் இரண்டு, நடுநடுவே 10 முதல் 15 நிமிஷம்.

அடித்த உடனே மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக பெயிண்ட் விலகினால் சிலிக்கான். அதே ஷெட்டில் டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் போடுகிறார்களா என்று முன்பே பாருங்கள்.

2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. முகத்தில் கட்டும் துணியும் சாதாரண மாஸ்க்கும் அதைத் தடுக்காது; ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆஸ்துமாவாக நின்றுவிடும். வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி போட்டு அடிக்கிற பெயிண்டருக்குக் கொஞ்சம் கூடவே கொடுங்கள். வீட்டு ஷெட்டில் நீங்களே அடிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

11. தேய்ப்பு, பூட்டல்

ஒரு வாரம் காய்ந்த பிறகு 1500, 2000, பிறகு ரப்பிங் காம்பவுண்ட். தூசி உட்கார்ந்த இடத்தையும் வழிந்த இடத்தையும் எடுத்தால் போதும். முகம் பார்க்கும் கண்ணாடியாக்க வேண்டாம், கம்பெனிப் பெயிண்டிலேயே லேசான ஆரஞ்சுத் தோல் இருந்தது. விளிம்புகளில் மெஷினை வைத்தால் ஒரு நொடியில் சர்ஃபேசர் தெரிந்துவிடும். அங்கே கை மட்டும். ஒரு மாதத்துக்கு மெழுகு, ஸ்டிக்கர், வண்டி உறை எதுவும் வேண்டாம்.

ரப்பர்கள் எல்லாம் புதியவை. சென்னையில் ஜி.பி. ரோட்டில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காதவற்றைக் கழற்றும்போதே பட்டியல் போட்டுத் தேடத் தொடங்கியிருக்க வேண்டும். கதவுகளின் அடியில் உள்ள நீர் ஓட்டைகளைப் பெயிண்ட் அடைத்திருக்கும், சைக்கிள் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பெட்டித் தகடுகளுக்குள் துரு தடுக்கும் மெழுகை அடிக்க இதுதான் நேரம்.

12. வண்டியை எடுக்கும்போது

பகலில் எடுங்கள். உங்களிடம் உள்ள மேட்சிங் தகட்டைக் கூரை, கதவு, டிக்கி மூன்றிலும் வைத்துப் பாருங்கள். கதவைத் திறந்து சட்டத்தின் கலரும் வெளிக்கலரும் ஒன்றா என்று பாருங்கள். நம்பர் பிளேட் பூட்டுமுன் நான்கு பக்கமும் போட்டோ வேண்டாம். பூட்டிய பிறகு எடுங்கள், ஆர்.டி.ஓ.வுக்கு நம்பர் தெரிய வேண்டும்.

நிற மாற்றம் பதிய வேண்டியிருந்தால் 14 நாள் கணக்கு இப்போது ஓடத் தொடங்குகிறது. ஆர்.சி.யில் பதிந்ததும் நகலை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி பாலிசியிலும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்று மாறி மற்றொன்று மாறாமல் இருந்தால் கிளெய்ம் நேரத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

மிஞ்சிய பெயிண்டைக் கேட்டு வாங்குங்கள், ஹார்டனர் கலக்காததாக. கழுத்துவரை நிறையும்படி சின்ன டப்பாவில் ஊற்றி இறுக்கி மூடி, பார்முலாச் சீட்டை மேலே ஒட்டி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பாதி டப்பாவாக வைத்தால் உள்ளே இருக்கும் காற்றில் ஏடு கட்டி, பார்க்கிங்கில் முதல் கீறல் விழுகிற அன்று பயன்படாது.